கேத்தரின் கிரேயின் ரகசியத் திருமணம்: அரசியின் சினத்துக்குக் காரணம் பொறாமையா, அரியணையா?

பாலக்கோடு கயல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தருமபுரியில் கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் இந்த மாதம் இங்கிலாந்தின் டியூடர் அரச மரபைப் பற்றிப் பேசினோம். பேச்சு முதலாம் எலிசபெத்திடம் வந்தபோது, அவருடைய ஒப்புதல் இல்லாமல் மறைவாக மணம் செய்துகொண்ட கேத்தரின் கிரேயைப் பற்றி ஒரு விவாதம் எழுந்தது. கூட்டம் முடிந்து பேருந்து நிலையம் வரை நடந்து வந்தபோதும் அது அடங்கவில்லை.

இதைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எட்டாம் ஹென்றியின் தங்கை மேரியின் மகள்வழிப் பேத்தி கேத்தரின். அதாவது எலிசபெத்துக்கு அத்தை மகளின் மகள். ஒன்பது நாள் அரசியாக இருந்து 1554 பிப்ரவரியில் தலை துண்டிக்கப்பட்ட ஜேன் கிரேயின் உடன்பிறந்த தங்கையும் அவரே. எலிசபெத்தின் அந்தரங்க அறைப் பணிப்பெண்டிரில் ஒருவராக இருந்த அவர், 1560ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் ஹார்ட்ஃபோர்ட் பிரபுவான எட்வர்ட் சீமோரை யாருக்கும் தெரியாமல் மணந்தார். அடுத்த ஆண்டு கருவுற்ற நிலையில் செய்தி வெளிப்பட்டு, லண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டு, அங்கேயே பிள்ளை பெற்று, பிறகு விடுதலையே காணாமல் 1568 ஜனவரியில் தம் இருபத்தேழாம் வயதில் இறந்தார்.

எங்கள் கூட்டத்தில் பெரும்பாலானவர்கள், தாம் மணம் செய்துகொள்ளாத அரசி தம் பணிப்பெண்களின் இல்வாழ்வைக் கண்டு பொறாமைப்பட்டார், அதுவே இத்தனை கொடுமைக்கும் காரணம் என்றார்கள். அந்த விளக்கம் எனக்கு மனநிறைவு தரவில்லை. திருமணமாகாத பெண் என்றாலே பொறாமைக்காரி என்று முடிவுகட்டும் வழக்கமான பேச்சாகவே அது எனக்குப் பட்டது. ஆனால் மறுத்துப் பேசப் போதுமான செய்தி என்னிடம் இல்லை. எனவே இரண்டு கேள்விகள். அரசியின் சினத்துக்கு உண்மையான அடிப்படை என்ன? அடுத்து, இருவரும் மனமொத்து, ஒரு பாதிரியார் முன்னிலையில் மணந்திருக்கும்போது, அது திருமணமே அல்ல என்று எப்படித் தீர்ப்பளிக்க முடிந்தது?

கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்

நல்ல கேள்வி, அம்மா. உங்கள் ஐயம் நியாயமானது. பொறாமை என்னும் விளக்கம் எலிசபெத்தின் வாழ்வில் வேறொரு நிகழ்ச்சிக்கு ஓரளவு பொருந்தலாம். அவர் நெஞ்சுக்கு மிக நெருக்கமாக இருந்த லெஸ்டர் பிரபு ராபர்ட் டட்லி, 1578இல் லெட்டிஸ் நோல்ஸ் என்ற விதவையை வான்ஸ்டெட் மாளிகையில் ரகசியமாக மணந்தபோது அரசி அடைந்த சினம் பெரும்பாலும் சொந்த மனக்காயத்தால் வந்தது. அப்போது நடந்தது என்ன? லெட்டிஸ் அரசவையிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். டட்லி மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கு வந்துவிட்டார். அதேபோல வால்டர் ராலே, அரசியின் பணிப்பெண்ணான பெஸ் த்ராக்மார்ட்டனை 1591இல் மறைவாக மணந்தது வெளிப்பட்டு, 1592இல் இருவரும் கோபுரச் சிறைக்குப் போனார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் வெளியேயும் வந்தார்கள். அரசியின் மனம் நொந்தால் கிடைக்கும் தண்டனையின் அளவு இவ்வளவுதான். கேத்தரினோ ஆறு ஆண்டுகளுக்கு மேல் காவலிலேயே இருந்து காவலிலேயே இறந்தார். இந்த வேறுபாட்டை விளக்காத எந்தக் காரணமும் முழுக் காரணமாகாது.

விளக்கம் எட்டாம் ஹென்றியின் ஏற்பாட்டில் இருக்கிறது. அவர் காலத்து வாரிசுரிமைச் சட்டமும் அவர் எழுதி வைத்த உயிலும் சேர்ந்து, அவர் பிள்ளைகளான எட்வர்ட், மேரி, எலிசபெத் ஆகிய மூவருக்கும் பிள்ளை இல்லாமல் போனால் அரியணை யாருக்கு என்பதை வரையறுத்தன. ஸ்காட்லாந்து மன்னரை மணந்த அக்காள் மார்கரெட்டின் வழியை ஹென்றி ஒதுக்கிவிட்டு, தங்கை மேரியின் வழிக்கு உரிமை கொடுத்தார். ஜேன் கிரே கொல்லப்பட்ட பிறகு அந்த வழியில் முதலிடம் கேத்தரினுக்கு. 1558 நவம்பரில் எலிசபெத் அரசியானபோது, உயிலின்படி அவருக்கு அடுத்து நின்றவர் இந்தப் பதினெட்டு வயதுப் பெண். ஸ்பெயின் நாட்டுத் தூதர்கள் அப்போதே கேத்தரின் மீது கண் வைத்திருந்தார்கள். அவரை எப்படியாவது நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோய்த் தங்கள் பக்கத்து இளவரசர் ஒருவருக்கு மணமுடிக்கலாமா என்ற யோசனை வரை அது சென்றது.

மாப்பிள்ளை யார் என்பதையும் பாருங்கள். ஹார்ட்ஃபோர்ட் பிரபுவின் தந்தை, சிறுவன் ஆறாம் எட்வர்டின் சார்பில் நாட்டையே ஆண்ட சாமர்செட் கோமகன். 1552இல் தலை வெட்டப்பட்டவர். அத்தை ஜேன் சீமோர், எட்டாம் ஹென்றியின் மூன்றாம் மனைவி. அடுத்த வாரிசான பெண்ணும் முன்னாள் ஆட்சிப் பாதுகாவலரின் மகனும் கூடினால், பிறக்கும் ஆண் குழந்தை ஆங்கிலேயன், புராட்டஸ்டன்ட், ஹென்றியின் உயிலால் உரிமை பெற்றவன். பெண் ஆட்சியில் நம்பிக்கையற்றிருந்த பிரபுக்களுக்கு அதைவிட நல்ல தலைமகன் கிடைப்பானா?

இங்கே எலிசபெத்தின் சொந்த அனுபவத்தையும் மறக்கக் கூடாது. தமக்கை மேரியின் ஆட்சியில் அடுத்த வாரிசாக இருந்தவர் அவரே. 1554இல் மேரிக்கு எதிராக வயட் என்பவர் தலைமையில் கலகம் நடந்தபோது, அதில் தம் பெயர் அடிபட்டதற்காகவே அவர் கோபுரச் சிறைக்கு அனுப்பப்பட்டார். அதே கலகத்தில் சேர்ந்த குற்றத்துக்காகக் கேத்தரினின் தந்தை கொல்லப்பட்டார். கேத்தரின் பிடிபட்ட 1561ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்துத் தூதர் மெய்ட்லண்டிடம் எலிசபெத் மனம்விட்டுப் பேசினார். அரசர்கள் தமக்குப் பின் வரப்போகும் வாரிசை, அது பெற்ற பிள்ளையே ஆனாலும், நேசிக்க முடியாது என்றும், மக்கள் எப்போதும் எழுகின்ற ஞாயிற்றையே வணங்குவார்கள் என்றும், தமக்கையின் காலத்தில் தாமே அந்த நிலையில் இருந்ததால் இதை அறிவதாகவும் சொன்னார். எனக்கு இந்தப் பேச்சைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

அந்த அச்சம் கற்பனை அல்ல என்பதைக் காலமும் காட்டியது. 1562 அக்டோபரில் எலிசபெத் பெரியம்மையால் உயிருக்குப் போராடியபோது, அவர் இறந்தால் யார் என்று ஆலோசகர்கள் கூடிப் பேசியதில் ஒரு பிரிவினர் கேத்தரினின் பெயரையே சொன்னார்கள். அடுத்த ஆண்டு நாடாளுமன்ற உறுப்பினரான ஜான் ஹேல்ஸ் கேத்தரினின் உரிமையை நிலைநாட்ட ஒரு நூலே எழுதி, அதற்காகச் சிறை சென்றார்.

மறைவாக மணந்ததே மன்னிக்க முடியாத குற்றம் என்று சொல்வதற்கும் இல்லை. கேத்தரினின் பாட்டி மேரி, முதல் கணவரான பிரெஞ்சு மன்னர் இறந்தவுடன், 1515இல் பாரிஸ் நகரில் சார்லஸ் பிராண்டனை அண்ணனின் அனுமதியின்றி மணந்தவர்தான். ஹென்றி கொதித்தார், பெருந்தொகை தண்டம் விதித்தார், பிறகு அவ்வாண்டு மே மாதமே கிரீனிச்சில் முறைப்படி திருமணத்தை நடத்தி ஏற்றுக்கொண்டார். அந்த அரசர் தம் ஆட்சியைப் பற்றி அஞ்ச வேண்டியிருக்கவில்லை. எலிசபெத் அஞ்ச வேண்டியிருந்தது.

அரூர், பத்திர எழுத்தர்

ஆசிரியர் ஐயா முதல் கேள்விக்கு நிறைவாகச் சொல்லிவிட்டார். இரண்டாம் கேள்வி என் தொழிலோடு தொட்டது என்பதால் சொல்ல விழைகிறேன்.

அன்றைய இங்கிலாந்தில் திருமணம் செல்லுபடியாவதற்குத் தேவைப்பட்டது மிகக் குறைவு. ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் நோக்கி, இப்போதே உன்னைக் கணவனாக, மனைவியாக ஏற்கிறேன் என்று நிகழ்காலத்தில் சொல்லிவிட்டால், திருச்சபைச் சட்டப்படி அவர்கள் தம்பதியர். பாதிரியார் வருவது முறை, வராவிட்டால் தவறு, ஆனால் அதனால் மட்டும் மணம் இல்லையென்று ஆகாது. இந்த நிலை 1753இல் ஹார்ட்விக் பிரபு கொண்டுவந்த சட்டம் வரை நீடித்தது. நம் மாநிலத்தில் இந்துத் திருமணச் சட்டத்தில் 1967இல் கொண்டுவரப்பட்ட 7அ பிரிவின்படி புரோகிதர் இல்லாமல், உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ செய்யும் சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்பதை அறிந்தவர்களுக்கு இது புதிராக இராது. ஆனால் செல்லுபடியாவது வேறு, மெய்ப்பிப்பது வேறு. தீர்த்தமலைக் கோயிலில் தாலி கட்டிவிட்டு எங்கள் அலுவலக வாசலுக்கு வரும் இளையோரிடம் நாங்கள் முதலில் கேட்பது கோயில் ரசீதும் சாட்சிகளும்தான்.

கேத்தரினின் திருமண நாளை இந்தக் கண்ணோடு பாருங்கள். அரசி வேட்டைக்காக எல்தம் புறப்பட்டபோது, பல்வலி என்று சொல்லிக் கேத்தரின் ஒயிட்ஹால் அரண்மனையிலேயே தங்கிவிட்டார். பிறகு ஹார்ட்ஃபோர்டின் தங்கை ஜேன் சீமோரோடு, தேம்ஸ் ஆற்றின் மணற்கரை வழியாக நடந்தே கேனன் ரோ என்னுமிடத்திலிருந்த ஹார்ட்ஃபோர்டின் வீட்டை அடைந்தார். வேலைக்காரர்களை ஹார்ட்ஃபோர்ட் முன்கூட்டியே வெளியே அனுப்பியிருந்தார். வரவேண்டிய பாதிரியார் வரவில்லை. ஜேன் வெளியே போய் ஒருவரை அழைத்து வந்தார். சடங்கு முடிந்ததும் அவருக்குப் பத்துப் பவுண்டு கொடுத்தனுப்பியவரும் ஜேன்தான். மாப்பிள்ளை அணிவித்தது ஐந்து பொன் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் மோதிரம். அதன் பிறகு சிறிது நேரம் தனித்திருந்துவிட்டு, ஆற்றில் நீர் ஏறியிருந்ததால் படகில் திரும்பி, உணவு வேளைக்கெல்லாம் அரண்மனைக்கு வந்துவிட்டார்கள்.

மணமக்களைத் தவிர அந்த அறையில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஜேன் சீமோர் 1561 மார்ச்சில், இருபது வயதளவில், நோயால் இறந்துபோனார். பாதிரியாரின் பெயர் மணமக்கள் இருவருக்குமே தெரியாது. தாடியின் நிறத்தையும் அணிந்திருந்த கறுப்பு அங்கியையும் மட்டும் சொன்னார்கள். மூன்றாவதாக ஒரு சான்று இருந்தது. 1561இல் ஹார்ட்ஃபோர்ட் பிரான்சுக்குப் புறப்படுமுன், தாம் இறந்தால் மனைவிக்கு ஆண்டுக்கு ஆயிரம் பவுண்டு வருமானமுள்ள நிலம் சேரும்படி ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எழுத்து மூலமான ஒரே ஆதாரம் அது. இடம் மாறியபோது கேத்தரின் அதைத் தொலைத்துவிட்டார். இதைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் பதைக்கிறது, ஏனென்றால் அந்த ஒரு தாள் கையில் இருந்திருந்தால் அவரை ஹார்ட்ஃபோர்ட் மனைவியாகவே கருதினார் என்பதை யாரும் எளிதில் மறுத்திருக்க முடியாது.

1562இல் கேன்டர்பரி பேராயர் மேத்யூ பார்க்கர் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு இருவரையும் தனித்தனியே கேட்டது. முக்கியமான செய்திகளில் இருவர் வாக்குமூலமும் ஒத்திருந்தன. ஆயினும் திருச்சபை வழக்கு முறையில் ஒன்றை முழுமையாக மெய்ப்பிக்க இரு சாட்சிகள் வேண்டும். இங்கே ஒருவர் மண்ணுக்குள், மற்றவர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அவ்வாண்டு மே மாதம் குழு மணம் செல்லாது என்றது. கோபுரச் சிறையில் 1561 செப்டம்பரில் பிறந்திருந்த எட்வர்ட் என்னும் ஆண் குழந்தை அந்த ஒரு வரியால் முறையற்ற பிள்ளையாகி, அரியணை உரிமையை இழந்தது.

பாதிரியாரைத் தேட அரசு எவ்வளவு முயன்றது என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அவர் கிடைக்காமலிருப்பது யாருக்கு நன்மை என்று எண்ணிப் பார்த்தாலே போதும்.

ஓசூர் மதிவதனி

இரண்டு ஐயாக்களும் சொன்னவற்றை மதித்து, ஒன்றில் மாறுபடுகிறேன். ஆசிரியர் ஐயா சொன்ன காரணங்களைப் படித்தால், எலிசபெத் செய்ததெல்லாம் அரசியல் தேவை என்று தோன்றிவிடுகிறது. அது முழு உண்மை அல்ல என்பதற்குக் கேத்தரினின் தங்கை மேரி கிரேயே சான்று.

மேரி கிரே மிகக் குள்ளமான உருவம் கொண்டவர். அக்காளின் துன்பத்தைக் கண்ணால் கண்டும், 1565இல் அரண்மனை வாயிற்காவலர் தலைவரான தாமஸ் கீஸ் என்பவரை ரகசியமாக மணந்தார். கீஸ் அரசவையிலேயே மிகப் பெரிய உடல்வாகு கொண்டவர், மனைவியை இழந்தவர், பிள்ளைகள் உள்ளவர், பிரபுக் குலத்தவர் அல்லர். அத்தகைய ஒருவரை மணந்ததன் மூலம் மேரி தம் அரியணை வாய்ப்பைத் தாமே குறைத்துக்கொண்டார் என்றே சொல்லலாம். அக்காளைப் போலன்றி இந்த முறை சாட்சிகளும் இருந்தார்கள். ஆனால் நடந்தது என்ன? கீஸ் ஃப்ளீட் சிறையில் வாடினார். மேரி ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் காவல் மாற்றப்பட்டார். இருவரும் மீண்டும் சந்திக்கவே விடப்படவில்லை. 1571இல் கீஸ் இறந்த பிறகுதான் மேரிக்கு விடுதலை கிடைத்தது. இதில் எந்த அரசியல் தேவை இருந்தது? பிள்ளை பிறந்துவிடக் கூடாது என்பது ஒன்றே காரணமென்றால், அதற்கு விலையாக இரண்டு மனிதரின் வாழ்வைக் கேட்பது என் கணக்கில் கொடுமையே.

இன்னொன்று. கேத்தரின் முதலிலிருந்தே அரசியை ஏமாற்ற எண்ணியவர் அல்லர். ஹார்ட்ஃபோர்ட் 1559இல் கேத்தரினின் தாய் ஃபிரான்சிஸிடம் முறைப்படி பெண் கேட்டார். தாயும் சம்மதித்து, அரசியின் ஒப்புதலை வேண்டிக் கடிதம் எழுத ஏற்பாடு செய்தார். அந்தக் கடிதம் அனுப்பப்படாமலே அவ்வாண்டு நவம்பரில் தாய் இறந்தார். தந்தையும் தமக்கையும் வெட்டுண்டு, தாயும் போன பிறகு அந்தப் பெண்ணுக்காக அரசி முன் போய்ப் பேசும் பெரியவர் என்று ஒருவரும் மிஞ்சவில்லை. கருவுற்ற நிலையில் 1561 ஆகஸ்டில் இப்ஸ்விச் நகரில் அவர் யாரிடம் போனார் என்று பாருங்கள். முதலில் பின்னாளில் ஹார்ட்விக் பெஸ் என்று புகழ்பெற்ற சீமாட்டி செயின்ட் லோவிடம் அழுதார். அவர் அஞ்சிக் கடிந்துகொண்டார். பிறகு இரவில் ராபர்ட் டட்லியின் படுக்கையறைக்கே போய் மண்டியிட்டுக் கெஞ்சினார். டட்லி மறுநாள் அரசியிடம் சொல்லிவிட்டார். எட்டு மாதக் கர்ப்பிணி அன்றே காவலுக்குள் போனார்.

சிறைக்குள்ளும் அந்த இருவரின் அன்பு குறையவில்லை. கோபுரச் சிறையின் துணைநிலை அதிகாரி எட்வர்ட் வார்னர் இரக்கப்பட்டுக் கதவுகளைத் திறந்துவிட்டதால் அவர்கள் சந்தித்தார்கள். 1563 பிப்ரவரியில் தாமஸ் என்னும் இரண்டாம் மகன் பிறந்தான். வார்னர் பதவியிழந்தார். ஹார்ட்ஃபோர்டுக்கு ஸ்டார் சேம்பர் நீதிமன்றம் பதினைந்தாயிரம் பவுண்டு தண்டம் விதித்தது: அரச குருதியுள்ள கன்னியைக் கெடுத்ததற்கு ஐயாயிரம், சிறைக் காவலை மீறியதற்கு ஐயாயிரம், அவரை மீண்டும் கூடியதற்கு ஐயாயிரம். கணவன் மனைவியைக் கண்டது குற்றம் என்கிறது அந்தத் தீர்ப்பு. அவ்வாண்டு கோடையில் லண்டனில் கொள்ளைநோய் பரவியதால் இருவரும் வெளியே அனுப்பப்பட்டார்கள், ஆனால் வெவ்வேறு வீடுகளுக்கு. மூத்த பிள்ளை தந்தையிடம், இளையவன் தாயிடம். அதற்குப் பிறகு கேத்தரின் தம் கணவரையும் மூத்த மகனையும் பார்த்ததில்லை. எலிசபெத்தின் அச்சத்தை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் புரிந்துகொள்வதனால் அவர் செய்ததை ஏற்க வேண்டியதில்லை.

பாலக்கோடு கயல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்த கூட்டத்தில் இவற்றை எடுத்துச் சொல்வேன். மதிவதனி அக்கா, மேரி கிரேயின் செய்தி எனக்கு முற்றிலும் புதியது. இப்போது இன்னொரு கேள்வி எழுகிறது. எலிசபெத்தே ஒரு காலத்தில் முறையற்ற பிள்ளை என்று அறிவிக்கப்பட்டவர் அல்லவா? அப்படியிருந்தும் அவர் முடிசூட முடிந்ததென்றால், கேத்தரினின் மகன்களுக்கு மட்டும் அந்தத் தீர்ப்பு ஏன் தடையானது? 1603இல் எலிசபெத் இறந்தபோது யாரும் அவர்களை நினைக்கவில்லையா?

கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்

முதலில் மதிவதனிக்கு: மேரி கிரே விஷயத்தில் உங்கள் கருத்தை ஏற்கிறேன். அங்கே தண்டனை காரணத்தைவிடப் பெரியது.

கயல், நீங்கள் கேட்டதில்தான் இந்த வழக்கின் உயிர் இருக்கிறது. 1536இல் தாய் ஆன் போலீன் கொல்லப்பட்டபோது எலிசபெத் முறையற்றவர் என்று நாடாளுமன்றம் சட்டமியற்றியது உண்மை. பின்னர் வந்த வாரிசுரிமைச் சட்டம் அந்த அறிவிப்பை நீக்காமலே, அவர் பெயரைக் குறிப்பிட்டு அரியணை வரிசையில் சேர்த்தது. ஆகவே அவர் அரசியானது பிறப்பின் தூய்மையால் அன்று, சட்டத்தில் எழுதப்பட்ட பெயரால். கேத்தரினின் பிள்ளைகளுக்கு அப்படிப் பெயர் சொல்லி எழுதிய சட்டம் எதுவும் இல்லை. உயிலில் ஹென்றியின் தங்கை மேரியின் வழிவந்த வாரிசுகள் என்று மட்டுமே இருந்தது. முறையான பிள்ளை என்ற தகுதியைப் பறித்தால் உரிமை முழுவதும் போய்விடும். இதை எலிசபெத்தைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இருந்திருக்க முடியாது. கேத்தரினைக் கொன்றிருந்தால் ஜேனைப் போல அவரும் ஒரு தியாகியாகியிருப்பார். பிள்ளைகளின் உரிமையும் அப்படியே நின்றிருக்கும். பேராயரின் ஒரு தீர்ப்பு இரத்தம் சிந்தாமல் அந்த வேலையைச் செய்தது.

ஹார்ட்ஃபோர்ட் அதை மறக்கவில்லை. 1595இல், மணம் நடந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பிறகு, அந்தத் தீர்ப்பை மாற்ற முயன்றார் என்பதற்காக மீண்டும் கோபுரச் சிறைக்குப் போனார். அறுபதைக் கடந்த அரசி அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை. 1603 மார்ச் 24 அன்று அவர் இறந்ததும், அரசியின் முதன்மை அமைச்சர் ராபர்ட் செசில் முன்பே செய்து வைத்திருந்த ஏற்பாட்டின்படி ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ் அரசராக அறிவிக்கப்பட்டார். எட்டாம் ஹென்றியின் உயில் ஒதுக்கி வைத்த வழி அரியணை ஏறியது. உயில் உரிமை கொடுத்த வழியில் கேத்தரினின் மூத்த மகன் உயிரோடு இருந்தும், அவருக்காகப் படை திரட்ட யாரும் வரவில்லை. ஜேம்ஸ் வளர்ந்த ஆண்மகன், ஏற்கெனவே ஒரு நாட்டை ஆள்பவர், இரண்டு ஆண் பிள்ளைகள் உள்ளவர். நாற்பத்துநான்கு ஆண்டுகளாக வாரிசு யார் என்று தெரியாமல் அஞ்சிய மக்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஆனால் அதே வகையான சினம் அந்தக் குடும்பத்தை இன்னொரு முறை தேடி வந்தது. கேத்தரினின் பேரன் வில்லியம் சீமோர், 1610இல் அரசர் ஜேம்ஸின் சிற்றப்பன் மகள் அரபெல்லா ஸ்டூவர்ட்டை ரகசியமாக மணந்தார். அரபெல்லாவுக்கும் அரியணை உரிமை இருந்தது. இருவரும் அடைக்கப்பட்டார்கள், 1611இல் தப்பியோட முயன்றதில் வில்லியம் அயல்நாட்டுக் கரையை அடைந்தார், அரபெல்லா கடலில் பிடிபட்டு 1615இல் கோபுரச் சிறையில் இறந்தார். ஜேம்ஸ் திருமணமானவர், பிள்ளைகள் பெற்றவர். ரகசியத் திருமணத்துக்காகப் பெண்ணைச் சிறையில் வைத்துச் சாகவிட்டதற்கு அவரிடம் யாரும் பொறாமை என்று காரணம் சொல்வதில்லை. உங்கள் வட்டத்தில் இந்த ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள், அம்மா. விவாதம் அங்கிருந்து சரியான திசையில் நடக்கும் என்று நம்புகிறேன்.